முதல் தடவை ஹம்பி: ஜிம்மில் வி3 ஏறுகிறவர் வெளிப்பாறையில் எந்த கிரேடில் தொடங்குவது?

மரப்பல்லி:

டிசம்பர் கடைசியில மூணு பேரா ஹம்பி போறோம். மூணு பேருமே போல்டரிங் (கயிறு இல்லாம தாழ்வான பாறை ஏறறது) இதுவரைக்கும் ஜிம் சுவர்ல மட்டும்தான் பண்ணியிருக்கோம். போல்டரிங் கஷ்டத்தை அளக்கற வி அளவுகோல்ல எனக்கு வி3 முடியுது, வி4 சிலது பாதி வரைக்கும் போகும். சில சந்தேகம்:

ஹம்பி பாறைகளுக்கு, பாறை ஏறறவங்களுக்கான வழிகாட்டி ஆப்ல 5, 5+, 6ஏ, 6பி+னு போட்டிருக்கு, சில இடத்துல மட்டும் வி நம்பர். எதை எதோட ஒப்பிடறது? கூட வர்ற நண்பர் ஒருத்தர் பாதாமியில கயிறு போட்டு 6ஏ ஏறியிருக்கார், சுலபமா இருந்துச்சுங்கறார். ஆனா 6ஏ-ன்னா வி3-னு அட்டவணை சொல்லுது. அவருக்கு ஜிம்ல வி1-ஏ சந்தேகம்!

ஜிம் வி3 ஆள் வெளியில எதுல ஆரம்பிக்கணும்? க்ராஷ் பேட் (கீழ விழுந்தா தாங்கற மெத்தை) எத்தனை வேணும்? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல, அங்கயே வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம்.

கடைசியா ஒண்ணு. சுவர்ல மேல இருக்கற பிடியை ரெண்டு கையால பிடிச்சா முடிஞ்சுது. பாறையில உச்சி மேல ஏறி நிக்கணுமாமே. ஏறி நின்னப்புறம் எப்படி இறங்கறது?

கருங்கல்:

உங்கள் நண்பர் சொல்வதும் சரி, அட்டவணை சொல்வதும் சரி. இரண்டும் வேறு வேறு அளவுகோல். பாதாமி மணற்கல், கயிறு மாட்ட இரும்பு ஆணி (போல்ட்) அடித்த உயரமான பாதைகளைக் கயிற்றில் ஏறுகிற இடம். அங்கே புழங்குவது பிரெஞ்சு ஸ்போர்ட் கிரேடு. ஹம்பி ஆப்பில் இருப்பது ஃபோந்தென்ப்ளோ கிரேடு, பேச்சில் ஃபான்ட். பாரிஸுக்குத் தெற்கே இருக்கும் ஃபோந்தென்ப்ளோ காட்டுப் பாறைகளில் உருவானது. எண்ணும் எழுத்தும் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் இங்கே ஒருமுறை இடறுவார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: கயிற்றுப் பாதைக்குச் சிறிய எழுத்து, போல்டருக்குப் பெரிய எழுத்து. போல்டர் 6ஏ-வில் உள்ள மூவ்கள் (ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் அசைவுகள்) கயிற்றுப் பாதையில் என்றால் 6சி, 7ஏ பக்கம் போனால்தான், அதுவும் பாதையின் மிகக் கடினமான இடத்தில்தான் வரும். ஆக உங்கள் நண்பரின் பாதாமி 6ஏ, போல்டர் கணக்கில் வி0-வை ஒட்டியோ அதற்குக் கீழோதான்.

ஒப்பீடு தோராயமாக இப்படி: வி0 என்றால் ஃபான்ட் 4, வி1 என்றால் 5, வி2 என்றால் 5+. வி3-க்குள் 6ஏ, 6ஏ+ இரண்டும் அடங்கும். வி4-க்குள் 6பி, 6பி+. வி5-க்குள் 6சி, 6சி+. வி6-இலிருந்து 7ஏ, பிறகு வி7 7ஏ+ என்று போய், வி10 7சி+, வி11 8ஏ. இன்னும் மேலே வி17-உம் 9ஏ-வும் சந்திக்கின்றன. மேலே போகப் போக ஒப்பீடு துல்லியமாக இருக்கும். உங்களுக்குத் தேவைப்படும் கீழ்ப்பகுதியில்தான் அது தளர்ந்து கிடக்கிறது. ஃபான்ட் 4 என்று போட்ட ஒரு சாய்வுப் பாறை (செங்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சரிந்தது) ஜிம் வி3 ஆளைக் கீழே நிறுத்தி வைப்பது சாதாரணம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வி அளவுகோலை ஜான் ஷெர்மன் டெக்சாஸின் ஹுவேகோ டாங்க்ஸ் பாறைகளுக்காக வகுத்தார். 1991-இல் வந்த வழிகாட்டி நூலில் அது அச்சானது. ஏற்கெனவே நன்றாக ஏறத் தெரிந்தவர்களுக்கு நடுவே வித்தியாசம் காட்ட வந்த அளவுகோல் அது. வி0 என்பதே அமெரிக்கக் கயிற்று கிரேடில் 5.10-ஐ ஒட்டியது. அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் பிற்பாடு 'வி பி' என்ற ஒரே கூடையில் போட்டார்கள். ஜிம்காரர்கள் புதிதாக வருபவரை முதல் நாளே விரட்டக் கூடாது என்று வி0, வி1, வி2-வை இளக்கி வைக்கிறார்கள். அது வியாபார நியாயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணைப் பாறைக்கு எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. கிரேடு என்பது முதலில் ஏறியவர் முன்மொழிவது. பின்னால் ஏறியவர்கள் ஒத்துக்கொண்டாலோ மறுத்தாலோ நிலைக்கும், மாறும். ஃபின்லாந்தில் லாப்னோரில் இருக்கும் 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' பாறையை 2016-இல் நாலே ஹுக்காதைவால் ஏறி 9ஏ என்று முன்மொழிந்தார். 2023-இல் வில் போசி இரண்டாவதாக ஏறும் வரை அது ஒருவருடைய வார்த்தை மட்டுமே. உலகின் மிகக் கடினமான பாறைகளில் ஒன்றுக்கே இந்த நிலை என்றால், ஹம்பியில் சிலர் மட்டுமே ஏறிப் பார்த்த 5+ ஒன்றில் அந்தக் கூட்டல் குறியை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடி உடைந்தால் கிரேடு மாறும். உட்கார்ந்து தொடங்குவதற்கு ஒரு கிரேடு, நின்று தொடங்குவதற்கு வேறு கிரேடு. அதே பாறையில் ஒரு மீட்டர் தள்ளி ஏறினால் அது வேறு ப்ராப்ளம், அதாவது வேறு போல்டர் பாதை. ஆப் படத்தில் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் 'இது எப்படி வி1 ஆகும்' என்று திட்டுபவர்கள்தான் அதிகம்.

துங்கைக்கரை:

கருங்கல் கிரேடை நல்லா விளக்கிட்டார். ஆனா முதல் முறை போறவங்களுக்கு அதைவிட முக்கியமானது, கிரேடு எதைச் சொல்லாதுங்கறது. வி-யும் சரி, ஃபான்ட்டும் சரி, மூவ் எவ்வளவு கஷ்டம்னு மட்டும்தான் சொல்லும். பாறை எவ்வளவு உயரம், கீழ மண்ணா கல்லா, உச்சியில பிடிக்க ஏதாவது இருக்கா, பின்பக்கம் நடந்து இறங்க முடியுமா, இது எதுவும் அந்த நம்பர்ல கிடையாது. ஹம்பியில அஞ்சு மீட்டர் உயரத்துல, கீழ ரெண்டு கல்லுக்கு நடுவுல பள்ளத்தோட ஒரு வி0 இருக்கலாம். பக்கத்துலயே இடுப்பு உயரத்துல தொடங்கி, தட்டையான மணல் மேல ஒரு வி3 இருக்கலாம். முதல் நாள் எது பாதுகாப்புன்னா, ரெண்டாவதுதான்.

அதனால பாறையை இப்படித் தேர்ந்தெடுங்க. ஷூ போடறதுக்கு முன்னாடி பாறையை ஒரு முழுச் சுத்து சுத்துங்க. எங்க இறங்கப் போறீங்கன்னு முதல்ல முடிவாகணும். இறங்கற வழி தெரியலைன்னா அந்தப் பாறை வேண்டாம். நடந்து மேல போக வழி இருந்தா போய் உச்சியைப் பாருங்க: காஞ்ச இலை, முள்ளு, பொடிக்கல், கறுத்துக் காஞ்ச பாசி. ஏறி வர்ற கை முதல்ல படப்போறது அதுமேலதான், பிரஷ்ஷால தட்டிடுங்க. ஹம்பியில நிறையப் பாறைக்குப் பின்பக்கம் வழுவழு சரிவுதான் இறங்கற வழி. இறுக்கமான ஏறும் ஷூவோட அதுல இறங்கறது ரோதனை. நீங்க மேல போனதும் கீழ இருக்கறவர் செருப்பைத் தூக்கிப் போடட்டும்.

பேட் கணக்கு: மூணு பேருக்கு ரெண்டு பேட் குறைஞ்சபட்சம், மூணு இருந்தா நிம்மதி. வாடகைக்கு வர்றது பெரும்பாலும் விரிச்சா ஒரு மீட்டருக்கு 1.3 மீட்டர், பத்து செ.மீ. தடிமன் மாதிரி இருக்கும். எடுக்கறப்போ நடுவுல முழங்காலால அழுத்திப் பாருங்க. தரை தட்டுச்சுன்னா ஃபோம் செத்துப்போச்சு, வேற கேளுங்க. பேட்டுக்கு மேல் பக்கம், கீழ் பக்கம் உண்டு. விறைப்பான ஃபோம் மேல வரணும், மெத்துனு இருக்கறது கீழ. மாத்திப் போட்டா கால் ஒரு புள்ளியில அமிழ்ந்து கணுக்கால் மடங்கும். வாரை எல்லாம் அடியில செருகுங்க.

பேட்டை எங்க போடறதுங்கறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தொடங்கற இடத்துக்குக் கீழ போட்டுட்டு விட்டுடுவாங்க. விழப்போறது அங்க இல்ல. கஷ்டமான மூவ் எங்கயோ அதுக்கு நேர் கீழ யோசிங்க. ஓவர்ஹேங்ல (நம்ம பக்கம் துருத்திச் சாஞ்ச பாறையில) கால் நழுவினா உடம்பு ஊசலாடி வெளிப்பக்கம் போய் விழும், அதனால பேட் பாறையிலிருந்து தள்ளி இருக்கணும். சாய்வுப் பாறையில ஆள் பாறையோட ஒட்டியே சறுக்கி வருவார், பேட் பாறையோட ஒட்டி இருக்கணும். ரெண்டு பேட்டுக்கு நடுவுல இடைவெளி விடாதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறின மாதிரியும் போடாதீங்க. ரெண்டுமே கணுக்காலுக்கு எமன். ஓரத்தோட ஓரம் சேத்து வச்சு, இணைப்பு மேல ஒரு மெல்லிய பாய் போட்டுட்டா போதும். கீழ சின்னக் கல் இருந்தா அந்தப் பள்ளத்தைப் பையாலயும் துணியாலயும் நிரப்பிட்டு அதுமேல பேட்.

கீழ நின்னு காவல் பாக்கறவர், அதாவது ஸ்பாட் பண்றவர், ஆளைத் தாங்கிப் பிடிக்கறதில்ல, அது முடியவும் முடியாது. விழறவரோட தலையும் முதுகும் கல்லுல படாம, கால் பேட்ல படற மாதிரி திருப்பி விடறதுதான் வேலை. ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன, முழங்கை லேசா மடங்கி, விரல் எல்லாம் சேந்து கட்டை விரலும் ஒட்டி இருக்கணும். விரலை விரிச்சு வச்சா கட்டை விரல் போயிடும். ஏறறவரோட கையைப் பாக்காதீங்க, இடுப்பைப் பாருங்க. அங்கதான் முதல்ல தெரியும். பக்கவாட்டுல ஏறிப் போனா ஸ்பாட் பண்றவர்தான் ரெண்டாவது பேட்டையும் இழுத்துட்டுப் போகணும். செல்போன் பையில.

விழறவருக்கு ஒரே விஷயம்: கையைப் பின்னால ஊணாதீங்க. மணிக்கட்டும் முழங்கையும் போறது அப்படித்தான். ரெண்டு காலும் சேந்து இறங்கி, முழங்கால் மடங்கி, கையை மார்போட வச்சுகிட்டு முதுகுப் பக்கம் உருளணும். இதை முதல் நாள் காலையில ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வேணும்னே குதிச்சுப் பழகிட்டு அப்புறம் ஏறுங்க.

பனிக்காலம்:

துங்கைக்கரையோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கிரேடைப் பார்க்காமல் தரையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடு என்பது அனுபவம் உள்ளவருக்குச் சரி. புதியவருக்குப் பாறையைப் பார்த்ததும் எது தன்னால் முடியும் என்று தெரியாது. இரண்டு சல்லடையும் வேண்டும். முதலில் ஆப்பில் வி பி முதல் வி1 வரை, ஃபான்ட்டில் 3 முதல் 5 வரை வடிகட்டுங்கள். அதற்குள் தரையும் இறங்கும் வழியும் நல்லதாக இருப்பதை எடுங்கள். தாழ்ந்த, நல்ல தரை உள்ள வி3 பாதுகாப்பாகவே இருக்கலாம். ஆனால் காலையில் முதல் பாறையாக அதில் ஐந்தாறு தடவை தொங்கினால் விரல் நுனித் தோல் அத்தோடு போச்சு.

தோல்தான் ஹம்பியில் உங்கள் பட்ஜெட். ஜிம் பிடிகள் பிசின், விளிம்பு உருண்டிருக்கும். இங்கே கிரானைட்டின் படிகங்கள் துருத்தி நிற்கும். அதுவும் சின்ன விளிம்புப் பிடிகள் நிறைய. தசை களைக்கும் முன்பே தோல் தேய்ந்துவிடும். விரல் நுனி வழவழப்பாகி, இளஞ்சிவப்பாகி, தொட்டால் சுரீர் என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். ரத்தம் வரும் வரை போனால் மறுநாளும் சேர்த்துப் போகும். சின்ன அரம் ஒன்று, நகம் தேய்ப்பது போதும். தோல் ஓரம் தடித்து நிற்கும் இடத்தைத் தேய்த்துவிட்டால் பிடியில் மாட்டிக் கிழியாது. கிழிந்து தொங்கினால் கழுவி, சுத்தமான கத்தரியால் செத்த தோலை வெட்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்டரை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பிளாஸ்டர் ஒரு மூவ்கூடத் தாங்காது. தேங்காய் எண்ணெய் தடவுவதானால் இரவில் மட்டும்.

முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம் ஏறினாலே அதிகம். கடினமாக முயன்ற ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். இரண்டு நாள் ஏறி ஒரு நாள் விடுவது நல்ல கணக்கு. அந்த ஒரு நாளில் விட்டலர் கோவிலும் ஹம்பி பஜாரும் பார்த்துவிடலாம்.

டிசம்பரிலும் பகல் வெயில் முப்பது டிகிரியைத் தொடும். நிழல் இல்லாத பாறை பத்து மணிக்கே கொதிக்கும். கை வியர்த்து, ஷூ ரப்பரும் இளகி, காலையில் நின்ற இடத்திலேயே கால் நிற்காது. விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு நாலரைக்கு மேல். இருட்டிய பிறகு பாறை குளிர்ந்ததும் ஏறுகிறவர்கள் உண்டு, உராய்வு அப்போதுதான் உச்சம். ஆனால் தலைவிளக்கு ஒன்றை மட்டும் நம்பினால் நிழல் ஏமாற்றும். இரண்டு பக்கமும் வெளிச்சம் வேண்டும். முதல் பயணத்தில் அது தேவையில்லை என்பது என் கருத்து.

விரல் பற்றி ஒன்று. சின்ன விளிம்பில் விரலை முழுதாக மடக்கி அதன் மேல் கட்டை விரலையும் பூட்டிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் குறையுங்கள். விரலின் அடிக்கணுவில் தசைநாரை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் வளையத்தின் மேல் அந்தப் பிடிதான் அதிகச் சுமையை ஏற்றுகிறது. அரை மடக்காகவோ திறந்த விரலாகவோ பிடியுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டு விரல் அடியில் வலித்தால் அதோடு ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டேப் சுற்றித் தொடராதீர்கள்.

மரப்பல்லி:

எல்லாருக்கும் நன்றி. தரை, இறங்கற வழி, அப்புறம்தான் நம்பர், புரிஞ்சுது. உச்சியில ஏறி நிக்கறது பத்தி யாராவது சொல்ல முடியுமா? வீடியோ பாத்தா எல்லாரும் ஏதோ தவழ்ந்து போற மாதிரி இருக்கு. அப்புறம் சாய்வுப் பாறை ஜிம்ல எங்களுக்குப் பழக்கமே இல்ல.

உச்சிவிளிம்பு:

தம்பி, ரெண்டும் கால் சமாச்சாரம். ஜிம்மில் காலுக்கும் பிளாஸ்டிக் பிடி இருக்கும், கண்ணுக்குத் தெரியும். பாறையில் காலுக்கு இடம் தேடுவதுதான் பாதி வேலை. அதனால்தான் ஜிம் வி3 வெளியே வி0 ஆகிறது.

சாய்வுப் பாறையில் பயம் வந்ததும் உடம்பு பாறையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் எடை காலை விட்டுப் போய், கால் வெளியே தள்ளப்பட்டு வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து கொஞ்சம் விலக்கி, எடை நேராகப் பாதத்தில் இறங்கும்படி நில்லுங்கள். குதிகாலைத் தாழ்த்துங்கள், ரப்பர் அதிகமாகப் பாறையைத் தொடும். சின்னச் சின்ன எட்டு. கையை எட்டிப் பிடிக்கத் தலைக்கு மேலே நீட்டினால் குதிகால் எழும்பிவிடும், அதைக் கவனியுங்கள். வைத்த காலை ஆட்டாதீர்கள். சந்தேகத்தோடு வைக்கும் கால்தான் வழுக்கும். ஒவ்வொரு தடவை ஏறும் முன்பும் ஷூ அடியை ஒரு துணியில் துடைத்து, உள்ளங்கையால் தேயுங்கள், ரப்பர் கீச்சென்று சத்தம் போடும் வரை. ஹம்பி மணல் ஒட்டியிருந்தால் எந்த விலை ஷூவும் உதவாது. பேட் மேல் ஒரு பழைய மிதியடித் துண்டு போட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.

ஷூ வாங்காமல் இருந்தால்: கால் விரல்கள் நுனியைத் தொட்டு லேசாக மடங்க வேண்டும், குதியில் காற்று இருக்கக் கூடாது. வலியில் கண்ணீர் வருகிற அளவு இறுக்கம் வி10 ஏறுபவருக்கு. தட்டையான அடி உள்ளதே போதும்.

இப்போது உச்சி. இதற்கு மேன்டல் என்று பெயர். நீச்சல் குளத்தில் ஏணி இல்லாமல் விளிம்பை அழுத்தி மேலே வருவீர்களே, அதே மூவ். முதலில் விளிம்புக்கு மேலே கையால் தடவி நல்ல இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு சாண் பின்னால் நல்ல பிடி ஒளிந்திருப்பது வழக்கம். பிறகு ஒரு காலை உயர்த்துங்கள், குதிகாலை விளிம்பின் மேல் கொக்கி போல மாட்டலாம். அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையை இழுக்கும் நிலையிலிருந்து அழுத்தும் நிலைக்குத் திருப்புங்கள்: உள்ளங்கை பாறையில், விரல்கள் உள்பக்கமோ பக்கவாட்டிலோ பார்க்க. தோள் அந்தக் கைக்கு நேர் மேலே வரும் வரை உடம்பை முன்னால் சாயுங்கள். தோள் மேலே வராமல் அழுத்தினால் என்ன பலம் இருந்தாலும் எழும்ப முடியாது, இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள். முழங்கை நேரானதும் பாதத்தைக் கைக்குப் பக்கத்தில் வைத்து, அந்தக் காலில் எழுந்து நில்லுங்கள்.

முழங்காலை வைக்கலாமா என்றால், வைக்கலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் முழங்கால் வைத்துவிட்டால் அதே இடத்தில் பாதத்தை வைக்க இடம் இருக்காது, மேலே பிடிக்கவும் ஒன்றும் இல்லை என்றால் மண்டியிட்டபடி மாட்டிக்கொள்வீர்கள். வயிற்றால் தவழ்வதும் அப்படித்தான், கால் காற்றில் தொங்கும், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

முதல் மேன்டலை நான்கு மீட்டர் உயரத்தில் செய்து பழகாதீர்கள். ஹம்பியில் மார்பளவு உயரத்தில் ஆயிரம் பாறை கிடக்கிறது. ஏதாவது ஒன்றில் வலது காலில் சில முறை, இடது காலில் சில முறை செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரானைட் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போலப் பட்டை பட்டையாக உரியும். அந்தப் பட்டைகள் நல்ல பிடியாகத் தெரியும். முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். திடமான சத்தம் வந்தால் சரி. உள்ளே வெற்றிடம் இருப்பது போல் ஒலித்தால் அதை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். பெயர்ந்தால் உங்களோடு சேர்ந்து ஸ்பாட் பண்ணுபவர் தலைக்கும் வரும்.

துங்கைக்கரை:

இடம் பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா சொல்லிடறேன். கோவில் பக்கம் துங்கபத்ரா ஆத்துக்குத் தென்கரை. ஏறற பாறைகள்ல பெரும்பகுதி ஆத்துக்கு வடகரையில, ஆனேகுந்தி, சானாபுரம் சுத்தி. பழைய வழிகாட்டியில விருபாபுர கட்டேல தங்கச் சொல்லியிருந்தா அதை விட்டுடுங்க. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 2020-ல அங்க இருந்த விடுதிகளை இடிச்சாச்சு. இப்போ சானாபுரம் பக்கம் தங்கறாங்க. பேட் வாடகையும் அந்தப் பக்கம்தான் விசாரிக்கணும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசல்ல பேட் தீந்துடும், தங்கற இடத்துல முன்னாடியே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க. பெங்களூரு வழியா வந்தா ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ்ல ஏறி காலையில ஹொசபேட்டையில இறங்கலாம்.

ஹம்பி 1986-லிருந்து உலக பாரம்பரியச் சின்னம். கட்டின கல் எதுலயும், மண்டபத்தை ஒட்டின பாறையிலயும் ஏறாதீங்க. ஆனேகுந்தி சுத்துவட்டாரத்துல வரலாற்றுக்கு முந்தைய பாறை ஓவியம் இருக்கு. சிவப்புக் கோடு ஏதாவது தெரிஞ்சா சாக் (பிடி வழுக்காம கையில பூசற வெள்ளைப் பொடி) கையோட தொடவே வேண்டாம். பிரஷ் மெத்துனு இருக்கட்டும், கம்பி பிரஷ் படிகத்தையே சுரண்டிடும். பிடி எங்கேன்னு சாக்ல கோடு போட்டா, கிளம்பறப்போ அழிச்சுட்டு வாங்க.

தேனீ முக்கியம். ஓவர்ஹேங்குக்கு அடியில கறுப்பா பெரிய அடை தொங்குச்சுன்னா சத்தம் போடாம வேற பாறைக்குப் போயிடுங்க. 'தள்ளித்தானே இருக்கு' கணக்கு வேண்டாம். கை வைக்கற பிளவுல, பேட் போட நகத்தற கல்லுக்கு அடியில தேள் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாத்துட்டு கை வைங்க. தரோஜி கரடிச் சரணாலயம் பக்கத்துலதான், அந்தி நேரத்துல தனியா பாறைக்கு நடுவுல சுத்தாதீங்க.

கருங்கல்:

போவதற்கு முன் ஒரு நாள் வெளிப்பாறை பழக வேண்டுமென்றால், பெங்களூரில் இறங்கி ராமநகரம் போகலாம். ராமநகரத்தின் பழைய பெயர் க்ளோஸ்பெட். புவியியலாளர்கள் க்ளோஸ்பெட் கிரானைட் என்று அழைக்கும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைப் பட்டை அந்தப் பக்கத்திலிருந்து வடக்கே ஹொசபேட்டை வரை ஓடுகிறது. ஆகவே கைக்கும் காலுக்கும் கிடைக்கும் உணர்வு கிட்டத்தட்ட ஒன்றுதான். ராமதேவர பெட்டா மட்டும் கழுகுச் சரணாலயம், 2012-இல் அறிவித்தது. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. உள்ளூர் ஏறுநர்கள் யாரையாவது கேட்டுக்கொண்டு வேறு பாறைக்குப் போங்கள்.

மரப்பல்லி:

கடைசி சந்தேகம். நண்பருக்காக ஹம்பி முடிச்சுட்டு பாதாமிக்கும் ரெண்டு நாள் போறதா பேச்சு. அந்த நேரத்துல மழை பெஞ்சா ரெண்டு இடத்துலயும் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

பனிக்காலம்:

டிசம்பர் கடைசியில் அங்கே மழை அரிது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதாமி மணற்கல். மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பசை நனைந்தால் வலுவிழக்கும், மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த நிலையில் பிடியை இழுத்தால் கையோடு வந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் பாதை யாருக்கும் பழையபடி இருக்காது. நல்ல மழை என்றால் ஒரு முழு நாளாவது விடுங்கள், வெயில் இல்லாவிட்டால் இரண்டு நாள். பாறைக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பாறையும் ஈரம்தான்.

ஹம்பி கிரானைட்டுக்கு இந்தக் கவலை இல்லை. வெயில் வந்து இரண்டு மணி நேரத்தில் பாறை காய்ந்துவிடும், ஏறலாம். உச்சியில் உள்ள குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். மேன்டல் போடும் விளிம்புக்குப் பின்னால் அப்படி ஒரு குழி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.